'இப்போ என்ன படிக்கிறீங்க?': நம் வாசகர் வட்டத்துக்கு ஒரு திறந்த மடல்

நம் வட்டத்தின் தலைவர், செயலாளர், மாதம் தவறாமல் வந்து உட்காரும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போன மாதக் கூட்டத்தில் நான் ஒரு பொய் சொன்னேன். முதலில் அதை ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

நம் கூட்டத்தின் முதல் அரை மணி நேரம் எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும். நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொண்டு, 'இப்போ என்ன படிக்கிறீங்க?' என்ற கேள்விக்கு ஒருவர் பின் ஒருவராகப் பதில் சொல்லிக்கொண்டு போவோம். என் முறை வந்தபோது, புறநானூற்றுக்கு ஒரு பழைய உரையை எடுத்து வைத்து மெதுவாகப் படித்து வருவதாகச் சொன்னேன். இரண்டு பேர் தலையாட்டினீர்கள். 'நல்லது, நல்லது' என்றார் தலைவர். அந்த உரை என் வீட்டு அலமாரியில் இருப்பது உண்மை. அதை நான் கடைசியாகத் திறந்தது கொரோனா ஊரடங்கின்போது. அன்றைக்கு என் மடியில் இருந்த பைக்குள், டிபன் பாக்சுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் நடுவில் இருந்தது ஃபிராங்க் ஹெர்பர்ட் எழுதிய 'டியூன்'. தலையணை மொத்தத்தில், மணல் கிரகமும் ராட்சதப் புழுக்களுமாக ஒரு நாவல்.

ஏன் பொய் சொன்னேன் என்றால், எனக்கு முன்னால் பேசிய பெண்ணுக்கு நடந்ததைப் பார்த்துவிட்டேன்.

புதிதாக வந்திருந்த கல்லூரிப் பிள்ளை. நினைவிருக்கும். 'மூணு சூரியன் இருக்கிற ஒரு உலகம் சார்' என்று ஆரம்பித்தாள். பின்னாலிருந்து ஒரு குரல்: 'எம்மா, வேலூர்ல இருக்கிற ஒரு சூரியனையே தாங்க முடியல!' எல்லோரும் சிரித்தோம். நானும்தான். மே மாதம், மின்விசிறி வெந்நீர் போலக் காற்றை ஊற்றிக்கொண்டிருந்தது, சிரிப்பு வராமல் என்ன செய்யும். அவளும் சிரித்துவிட்டுத் தொடர்ந்தாள்: 'வெயில் தாங்க முடியாத காலம் வந்தா அந்த ஜனங்க உடம்புல இருக்கிற தண்ணியை எல்லாம் வெளியேத்திட்டுக் காஞ்சு போயிடுவாங்க. அவங்களைச் சுருட்டிக் கிடங்குல அடுக்கி வெச்சிடுவாங்க.' 'கருவாடு மாதிரியா?' மறுபடியும் சிரிப்பு. அப்புறம் நம்மில் மூத்தவர் ஒருவர், மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல்தான், 'மாயாஜாலக் கதையெல்லாம் சின்ன வயசோட விட்டுடணும்மா, உருப்படியா ஏதாவது ஆரம்பி' என்றார். 'சரிங்க சார்' என்று உட்கார்ந்துவிட்டாள். அடுத்தது என் முறை. புறநானூறு என் வாயில் தானாக வந்தது.

இந்த மாதம் அவள் வரவில்லை.

அவள் சொல்ல வந்தது சீன எழுத்தாளர் லியூ சிஷினின் 'தி த்ரீ-பாடி ப்ராப்ளம்' நாவல். சீனத்தில் 2008இல் புத்தகமாக வந்தது. 2014இல் ஆங்கிலத்துக்கு வந்து அடுத்த ஆண்டே அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருது வாங்கியது. மொழிபெயர்ப்பு நாவல் ஒன்றுக்கு அந்த விருது கிடைத்தது அதுதான் முதல் தடவை. கதையின் அடியில் இருப்பது நியூட்டன் காலத்துச் சிக்கல். ஒரு சூரியன், ஒரு கிரகம் என்றால் பாதையைக் கணக்குப் போட்டுவிடலாம். மூன்று பெரிய உருண்டைகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு சுற்றினால், எது எப்போது எங்கே இருக்கும் என்று சொல்லப் பொதுவான சூத்திரம் கிடையாது. மூன்று சூரியன்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட அந்த உலகத்தில் நாளைக்கு விடியுமா, விடிந்தால் பனியா நெருப்பா என்று யாருக்கும் தெரியாது. பஞ்சாங்கம் போட முடியாத ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர் மக்களுக்கு உலர்ந்து சுருண்டு கிடப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

கருவாடு என்றவரிடம் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் நம்மில் பாதிப் பேர் ஏரிக்கரை ஊர்க்காரர்கள். ஏரி வற்றிக் களிமண் வெடித்துக் கிடக்கும்போது அதற்குள் தவளை மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கிறது, முதல் பெருமழை பெய்த ராத்திரியே ஊரைக் கூட்டிக் கத்துகிறது. கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம்? அந்தப் பிள்ளை சொன்ன கதையைப் புரிந்துகொள்ள இந்தத் தவளையே போதும். நாம்தான் அவளை முடிக்க விடவில்லை. (நாவலில் எனக்கும் குறை உண்டு. கணக்கும் யோசனையும் மலைக்க வைக்கும், மனிதர்கள் மட்டும் அட்டையில் வெட்டி ஒட்டிய மாதிரி இருப்பார்கள். இதை அவளிடம் சொல்லிச் சண்டை போட ஆசையாக இருந்தேன்.)

அன்றைக்குக் கூட்டம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது இன்னொன்று நடந்தது. நம் வட்டத்தில் எல்லோரும் எழுந்து நின்று மரியாதை கொடுக்கும் ஒரு பெரியவர் என் பக்கத்தில் வந்து நின்றார். பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் அவர் டீ வாங்கித் தர மாட்டார். 'உன் பையில இருக்கிறதைப் பார்த்துட்டேன்' என்றார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் தன் மஞ்சள் பையைத் திறந்து, தினத்தாளில் அட்டை போட்ட ஒன்றைக் காட்டினார். காகிதத்தை ஓர் ஓரம் விலக்கினால் உள்ளே இரும்புக்கை மாயாவி!

1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த கதை. அப்போது அவர் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாராம். கரண்ட்டைத் தொட்டால் மாயாவியின் உடம்பு முழுக்க மறைந்துவிடும், அந்த இரும்புக் கை மட்டும் தெரியும். 'எங்க வீட்டுக்கு அப்போ கரண்ட் கனெக்ஷன் வரலை, அதனால பொழைச்சேன்' என்றார். இப்போது மறுபதிப்பு வாங்கி ராத்திரி இரண்டு இரண்டு பக்கமாகப் படிக்கிறார், சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாது என்று. கூட்டத்தில் அவர் என்ன சொன்னார் தெரியுமா? ஒரு தத்துவ நூலின் பெயர். எனக்கு மூச்சே வந்தது.

ஆகவே அன்பர்களே, நான் இந்த மடலை எழுதும் காரணம் இதுதான். நம் முதல் அரை மணி நேரம் கெட்டுப் போயிருக்கிறது. 'என்ன படிக்கிறீங்க' என்று கேட்கிறோம், 'என்ன படிக்க வேண்டும்' என்பதற்குப் பதில் வருகிறது. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் பாடச் சொன்ன மாதிரி எல்லோரும் தெரிந்த கீர்த்தனையைப் பாடிவிட்டு உட்கார்ந்து கொள்கிறோம். இதில் அதிகம் மறைத்து வைக்கப்படுவது மாயக்கதையும் அறிவியல் புனைகதையும்தான். கவிதை படிக்கிறவர் வெட்கப்படுவதில்லை. சரித்திர நாவல் படிக்கிறவர் மார் தட்டிச் சொல்கிறார். டிராகன் வந்துவிட்டால் மட்டும் தினத்தாள் அட்டை.

சரி, இப்போது உண்மையான பதிலைச் சொல்கிறேன்.

நான் ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். காலையில் காட்பாடியில் ரயில் ஏறினால் முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம். லத்தேரி, குடியாத்தம், மேல்பட்டி, பச்சகுப்பம் என்று ரயில் பாலாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டியே போகும். அந்த ஜன்னலோரத்தில்தான் 'டியூன்' படிக்கிறேன், இரண்டாவது தடவை. 1965இல் வெளிவந்த நாவல். அராக்கிஸ் என்கிற கிரகம் முழுக்கப் பாலைவனம். மனிதர்கள் தங்கள் வியர்வையையும் மூச்சுக்காற்றின் ஈரத்தையும் பிடித்து மறுபடி குடிக்கிற உடுப்பைப் போட்டுக்கொண்டுதான் வெளியே நடப்பார்கள். ஆரம்பத்தில் ஒரு காட்சி வரும். பாலைவனத்துத் தலைவன் ஒருவன், புதிதாக ஆள வந்த பிரபுவின் மேசையில் எச்சில் துப்புகிறான். பிரபுவின் ஆட்கள் கத்தியை உருவப் போகிறார்கள். அப்போது விவரம் தெரிந்த ஒருவன் தடுத்துச் சொல்கிறான்: அவன் அவமானப்படுத்தவில்லை, தன் உடம்பின் ஈரத்தை உங்களுக்குக் காணிக்கையாகக் கொடுத்திருக்கிறான். (நம் பஸ் ஸ்டாண்டில் நமக்கு எவ்வளவு மரியாதை நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.)

இன்னொரு இடத்தில், கதாநாயகப் பையன் தன் கையால் செத்தவனுக்காக அழுகிறான். சுற்றி நிற்கிறவர்கள் அதிர்ந்து போய்ப் பேசிக்கொள்கிறார்கள்: செத்தவனுக்குத் தண்ணீர் கொடுக்கிறான்! கண்ணீரைக் கூடக் கணக்குப் பார்க்கிற ஊரில் அழுவது அவ்வளவு பெரிய கொடை.

இந்த வரியைப் படித்தபோது ரயில் மேல்பட்டியைத் தாண்டிக்கொண்டிருந்தது. வெளியே ஆறு என்று பெயர் கொண்ட மணல். எனக்கு எங்கள் ஆயா நினைவு வந்தது. நான் சின்னப் பையனாக இருக்கையில் ஆயா பாலாற்றில் ஊற்றுத் தோண்டும். முதலில் கையால் மேல்மணலை விலக்கும், அப்புறம் கொட்டாங்கச்சி. முழங்கை ஆழம் போனால் மணல் நிறம் மாறும், இன்னும் கொஞ்சம் போனால் அடியில் தண்ணீர் கசிந்து கலங்கலாக நிற்கும். அந்த முதல் கலங்கலை வாரி வெளியே ஊற்றிவிட்டுக் காத்திருக்கும். இரண்டாவது, மூன்றாவது ஊறும்போதுதான் கண்ணாடி மாதிரி வரும். அவசரப்பட்டுக் கை விட்டால் அடி விழும். கொட்டாங்கச்சியில் மொண்டு மொண்டு ஒரு குடம் ரொம்ப அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த மணலும் பின்னால் லாரியில் ஏறிப் போய்விட்டது, இன்றைக்கு அங்கே தோண்டினால் கட்டாந்தரைதான் வரும். 2021 நவம்பரில் ஆறு இரு கரையும் தொட்டு ஓடியபோது பாலத்தின்மேல் நின்று வேடிக்கை பார்த்த கூட்டத்தில் நானும் இருந்தேன். பெரியவர்கள் சிலர் பூவைப் போட்டுக் கும்பிட்டார்கள்.

நந்தி மலையில் பிறந்து வருகிற இந்த ஆற்றைத் தோல் கழிவு என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்காகப் போட்ட வழக்கில்தான் 1996இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கு ஈடும் கட்ட வேண்டும் என்பதை நாட்டின் சட்டமாக நிறுத்தியது. நான் சம்பளம் வாங்குவதும் அதே தோலில்தான், அதையும் மறைக்கவில்லை. ஹெர்பர்ட் தன் நாவலை யாருக்குக் காணிக்கை ஆக்கினார் தெரியுமா? வறண்ட நிலங்களை ஆராய்கிற சூழலியலாளர்களுக்கு, அவர்கள் எங்கே இருந்தாலும். முதல் பக்கத்தில் அதைப் பார்த்த அன்று புத்தகத்தை மூடிவிட்டு ஆம்பூர் வரைக்கும் சும்மா உட்கார்ந்திருந்தேன். இந்த நாவலை 'மாயாஜாலம்' என்று நான் எப்படி ஒதுக்குவேன்?

அடுத்து, வீட்டில் ராத்திரி படிப்பது உர்சுலா லெ குவினின் 'எர்த்சீ' வரிசையில் முதல் நாவல். 1968இல் எழுதியது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படிக்கிறேன், என் ஆங்கிலம் அவ்வளவுதான். ஆயிரம் தீவுகள் உள்ள கடல். அதில் ஆடு மேய்க்கிற ஒரு பையன் மந்திரவாதி ஆகிறான். அவன் நிறம் செம்பு கலந்த பழுப்பு, அவன் நண்பன் நல்ல கறுப்பு. ஆங்கில மாயக்கதை என்றாலே வெள்ளைக்கார ராஜகுமாரன் என்று நினைக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். பையனின் உண்மைப் பெயர் கெட். தமிழில் எழுதினால் கெட்டவன் போல இருக்கிறது, என்ன செய்ய.

அந்த உலகத்தில் எல்லாவற்றுக்கும் இரண்டு பெயர். ஊரார் கூப்பிட ஒன்று, உண்மைப் பெயர் ஒன்று. உண்மைப் பெயர் தெரிந்தவன் கையில் அந்த ஆளின், அந்தப் பொருளின் குடுமி இருக்கிறது. அதனால் உண்மைப் பெயரை உயிராக நம்புகிறவரிடம்தான் சொல்வார்கள். மந்திரம் என்பதே பெயர்களைக் கற்பதுதான். மந்திரப் பள்ளிக்கூடத்தில் ஒரு கோபுரத்தில் உட்கார்ந்து பையன்கள் பெயர்ப் பட்டியலை நெட்டுருப் போடுகிறார்கள்.

இதைப் படிக்கும்போதும் ஆயாதான் வந்தது. (இந்த மடலில் ஆயா அதிகம் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.) எங்கள் தாத்தா பெயர் வேலாயுதம். ஆயா சாகிற வரைக்கும் அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பெயர் கேட்பார்கள். 'வள்ளிமலையில இருக்கிறாரே, அவரு கையில வெச்சிருப்பாரே, அது' என்று சொல்லும். கடைக்காரன் புதுசு, அவனுக்குப் புரியவில்லை. 'இன்னாமா, மயிலா?' என்றான். ஆயாவுக்குக் கோபம் வந்துவிட்டது. 'மயிலு கையிலயா இருக்கும்? மயிலு மேல அவரு உக்காந்திருப்பாரு. கையில!' பின்னால் நின்ற வரிசையே சேர்ந்து 'வேலு, வேலாயுதம்' என்று கத்தி அரிசி வாங்கிக் கொடுத்தது. பெண்ணடிமைத்தனம் என்று படித்த பிறகு நானே ஆயாவிடம் வாதாடியிருக்கிறேன். அது பாதிதான் உண்மை என்று இப்போது தோன்றுகிறது. பெயரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்று பயந்தது ஆயா. பெயருக்குள் ஆள் இருக்கிறார் என்று நம்பியது. லெ குவின் அமெரிக்காவில் உட்கார்ந்து எழுதிய அந்தச் சட்டத்தை எங்கள் ஆயா ரேஷன் கடை வரிசையில் கடைப்பிடித்தது.

தமிழில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். சுஜாதாவை விட்டுவிட்டு ஆரம்பிக்க முடியாது. 'என் இனிய இயந்திரா' ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது அப்பா வாரா வாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, பைண்டு போட்டு வைத்தார். பேசும் இயந்திர நாய் ஜீனோவை நான் அந்தத் தைத்த புத்தகத்தில்தான் படித்தேன். பக்கத்துக்குப் பக்கம் ஜோக்கும் விளம்பரமும் பாதி பாதியாக ஒட்டிக்கொண்டிருக்கும். எல்லாரையும் கண்காணிக்கிற அரசாங்கம், குழந்தை பெற அனுமதி. அந்தக் கதை நடக்கிற வருஷங்களை நாம் நிஜமாகவே தாண்டி வந்துவிட்டோம், இப்போது படித்தால் வேறு மாதிரி இருக்கிறது. இரண்டாம் பாகம் 'மீண்டும் ஜீனோ' எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை.

க. சுதாகரின் '6174' நம் பழைய வட ஆற்காட்டுத் திருவண்ணாமலையின் வம்சி வெளியிட்ட நாவல். தலைப்பே ஓர் எண். தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேகர் என்பவர் 1949இல் கண்டுபிடித்த எண். ஏதாவது நான்கு இலக்கம் எடுங்கள், நான்கும் ஒரே இலக்கமாக இருக்கக் கூடாது. பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கி, அதிலிருந்து சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கியதைக் கழியுங்கள். வந்த விடையை மறுபடி அதே போல. எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு தடவைக்குள் 6174இல் வந்து நிற்கும், அப்புறம் நகராது. நான் கணக்கு எழுதுகிறவன், சும்மா இருக்க முடியுமா? ரயிலில் டிக்கெட்டின் பின்பக்கம் நம் ஊர் வருஷத்தைப் போட்டுப் பார்த்தேன், 1806. 8610இல் 0168 போனால் 8442. பிறகு 5994, 5355, 1998, 8082, 8532, ஏழாவதாக 6174. கடைசிப் படி வரைக்கும் மல்லுக்கு நின்றுவிட்டுத்தான் அடங்கியது. வேலூர்ப் புரட்சி வருஷம் என்றால் சும்மாவா.

1806 என்றதும் ஒன்று. ஜூலை 10 விடியுமுன் கோட்டை சிப்பாய்கள் கைக்கு வந்தது, திப்புவின் புலிக்கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து வெள்ளைக்கார அதிகாரி கில்லெஸ்பி குதிரைப் படையோடு வந்து சேர்ந்ததும் அன்றே எல்லாம் முடிந்தது. அன்று காலை கில்லெஸ்பியின் குதிரை ரத்தினகிரி பக்கத்தில் நொண்டியிருந்தால்? வருடா வருடம் நினைவுத்தூணுக்கு மாலை போடுகிறோம், இந்த ஒரு கேள்வியை எடுத்து யாரும் நாவல் எழுதவில்லையே என்று எனக்கு ஏக்கம். தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று நம் ஊரைக் கேலி பேசுவார்கள். 1981இல் ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார், அது வேறு. ஆனால் அந்தக் கேலியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாய நாவலின் முதல் வரி மாதிரியே இருக்கிறது.

இந்த வகை நம்முடையது இல்லை என்கிற பேச்சுக்கு நீண்ட பதில் வேண்டாம். உருவம் மாற ஒரு மந்திரம், வானில் போக ஒரு மந்திரம், பசி தீர ஒரு மந்திரம் என்று மூன்றும் கற்ற மணிமேகலையை நாம் காப்பியம் என்கிறோம். சீவக சிந்தாமணியில் நிறைமாத ராணி தப்பிப் போவது மயிற்பொறியில். பாடமாக வந்தால் இலக்கியம், பையில் வந்தால் மாயாஜாலமா? வட ஆற்காட்டுக்காரரான மு.வ. கூட 'கி.பி. 2000' என்று ஒரு கதை எழுதினார், இரண்டாயிரம் வர இன்னும் எத்தனையோ பத்தாண்டுகள் இருக்கும்போதே. அவர் படத்தை மாட்டி வைத்துக்கொண்டு எதிர்காலக் கதை சொல்கிற பிள்ளையை உட்கார வைத்திருக்கிறோம். பெண்கள் இதற்குப் புதிது என்று நினைத்தால், வங்கத்து ரொக்கியா 'சுல்தானாவின் கனவு' எழுதி வெளியிட்டது 1905இல், அச்சானது நம் சென்னைப் பத்திரிகை ஒன்றில். பெண்கள் சூரிய வெப்பத்தைப் பிடித்து அடுப்பெரிக்கிறார்கள், வான வண்டியில் போகிறார்கள், ஆண்கள் அந்தப்புரத்தில் அடைந்து சமைக்கிறார்கள்.

ஒரு புத்தகத்தைப் பற்றி மட்டும் நூலகத்தோடு உறவுள்ளவர்கள் என்ற முறையில் சொல்லிவிட வேண்டும். ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451'. தீயணைப்புத் துறை என்பது புத்தகங்களைக் கொளுத்துகிற துறையாகிவிட்ட காலத்தின் கதை. வெ. ஸ்ரீராம் மொழிபெயர்ப்பில் தமிழிலேயே கிடைக்கிறது. பிராட்பரிக்கு வீட்டில் உட்கார்ந்து எழுத இடம் இல்லை. ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளத்தில் காசு போட்டால் அரை மணி நேரம் ஓடுகிற தட்டச்சுப் பொறிகள் இருந்தன, அரை மணிக்குப் பத்து சென்ட். சில்லறையைப் பையில் போட்டுக்கொண்டு போய், மொத்தம் 9 டாலர் 80 சென்ட்டில் முதல் வடிவத்தை முடித்தார். புத்தகத்தை எரிக்கிற கதை எழுதப்பட்ட இடம் நூலகத்தின் அடி.

இப்போது என் வேண்டுகோளுக்கு வருகிறேன். பெரிதாக ஒன்றும் இல்லை, பணம் ஆகாது. அடுத்த கூட்டத்தில் முதல் அரை மணி நேரம் மட்டும், ஒவ்வொருவரும் பையில் நிஜமாக இருக்கிற புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துவிட்டுப் பேசுவோம். காமிக்ஸ் என்றால் காமிக்ஸ். ஒன்றும் படிக்கவில்லை என்றால் 'ஒன்றும் படிக்கவில்லை' என்று சொல்லுங்கள், அதற்கும் ஒரு டீ உண்டு. பேசுகிறவர் முடிக்கும்வரை யாரும் திருத்த வேண்டாம், கேலி மட்டும் பேசி முடித்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும். எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் எழுதி வைத்த நூலக விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கென ஒரு வாசகர் உண்டு என்பது. நம் சுவரில் அதை அழகான எழுத்தில் எழுதி மாட்டியிருக்கிறோம். மாட்டியதற்குக் கீழேயே உட்கார்ந்துதான் அன்றைக்குச் சிரித்தோம்.

முடிந்தால் குளிர் காலத்தில் ஒரு சனிக்கிழமை, வேன் வைத்துக்கொண்டு ஜவ்வாது மலையில் காவலூர் போய் வரலாம். 1986இலிருந்து அங்கே 2.3 மீட்டர் தொலைநோக்கி நிற்கிறது. 1988இல் அந்த மலையிலிருந்துதான் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு ராமானுஜன் பெயர் வைத்தார்கள், 4130 ராமானுஜன். மலை ஏறும் வழியில் கதை பேசிக்கொண்டு போனால் மூன்று சூரியன் அவ்வளவு தூரமாகத் தெரியாது. செலவை நான்கு பேர் பகிர்ந்துகொள்ள முன்வந்தால் வேன் பேசுவது என் பொறுப்பு.

என் 'டியூன்' பிரதியை வட்டத்துக்குக் கொடுத்துவிடுகிறேன். நடுவில் சில பக்கங்களில் சாம்பார் கறை இருக்கும், ரயில் வழியில் சிக்னலில் திடீரென நின்றது, அதன் வேலை. அப்பாவின் பைண்டைத் தர முடியாது. வீட்டுக்கு வந்து படிக்கலாம், காபி தருவோம்.

கடைசியாக ஒன்று. அந்தப் பிள்ளையின் கைப்பேசி எண் வருகைப் பதிவேட்டில் இருக்கும். செயலாளர் அக்காதான் கூப்பிட வேண்டும், நீங்கள் கூப்பிட்டால் வருவாள். அன்று அவள் எந்த இடத்தில் நிறுத்தினாள் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஜனங்களைச் சுருட்டிக் கிடங்கில் அடுக்கியாகிவிட்டது. வெளியே மூன்று சூரியனும் ஒன்றாக ஏறி வருகின்றன. அங்கிருந்து அவள் தொடங்கட்டும்.

அன்புடன்,
காட்பாடியில் ரயில் ஏறும் உங்கள் உறுப்பினன்